சின்ன ஜெட் கம்பெனி மூடினால் டிக்கெட் காசு என்ன ஆகும்?

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா கேட்கிறார்: "செப்டம்பரில் கெபெர்ஹாவில் (பழைய போர்ட் எலிசபெத்) நாத்தனார் மகளுக்குக் கல்யாணம், ஆறு பேர் போகிறோம். ஒரு சின்ன ஜெட் கம்பெனி, இ.எஃப்.டி.யில் (பேங்க் கணக்கிலிருந்து நேராக அனுப்புவது) கட்டினால் தள்ளுபடி என்கிறது. கட்டலாமா?"

வேண்டாம் அக்கா. கார்டில் கட்டுங்கள். கார்டு எடுக்கமாட்டோம் என்றால் வேறு கம்பெனி பாருங்கள்.

இன்று நீங்கள் கட்டுகிற பணம் செப்டம்பர் வரை பெட்டியில் தூங்காது, நாளைக்குப் பறக்கிற விமானத்தின் எரிபொருளுக்குப் போய்விடும். 50 இருக்கை ஜெட் என்றாலும் இரண்டு எஞ்சின், இரண்டு பைலட், செலவைப் பங்குபோடத்தான் ஆள் குறைவு. டிக்கெட் விற்பது ராண்டில், விமான வாடகையும் உதிரிபாகமும் டாலரில். இரண்டு விமானம் பழுதாகி நின்றால் போச்சு.

எஸ்.ஏ. எக்ஸ்பிரஸையே பாருங்கள். 1994-ல் பறக்க ஆரம்பித்து, பிறகு அரசு கைக்கு வந்து, கிம்பர்லி, ரிச்சர்ட்ஸ் பே மாதிரி பெரிய விமானம் நிரம்பாத ஊர்களுக்கெல்லாம் ஓடிய கம்பெனி. 2018 மே மாதம் விமானப் பாதுகாப்பு ஆணையம் அதன் உரிமத்தையே நிறுத்தியது, 21 விமானங்களில் 9-ன் தகுதிச் சான்றிதழும் போனது. ஆகஸ்டில் மறுபடி பறந்தார்கள். 2020 பிப்ரவரியில், சுமார் 11 மில்லியன் ராண்ட் பாக்கி வராத ஒரு சரக்குக் கம்பெனி கோர்ட்டுக்குப் போக, நிர்வாகம், நொடிந்த கம்பெனியைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிற மீட்பு அதிகாரிகள் கைக்கு மாறியது. மார்ச்சில் பறப்பது நின்றது, ஏப்ரலில் தற்காலிகக் கலைப்பு, அதாவது கம்பெனியை மூடிச் சொத்தை விற்றுக் கடன் அடைக்கும் நடவடிக்கை. கோவிட்தான் கொன்றது என்பார்கள், என்னைக் கேட்டால் 2018-லேயே பாதி உயிர் போய்விட்டது.

கலைப்பு வந்தால் அடமானத்தின்மேல் கடன் கொடுத்தவர், ஊழியர் சம்பளம், வரி எல்லாம் போக மிச்சத்தில்தான் பயணிக்குப் பங்கு, மிச்சம் பெரும்பாலும் இருக்காது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: நம் நாட்டுச் சட்டப்படி கம்பெனியிடமிருந்து பணம் வரவேண்டியவராகக் கோரிக்கையை நிரூபித்துவிட்டால், சொத்து போதாதபோது கலைப்புச் செலவில் ஒரு பங்கை நீங்களே கட்டவேண்டி வரலாம்! வக்கீலைக் கேட்காமல் அந்தக் கோரிக்கைப் படிவத்தில் கை வைக்காதீர்கள்.

எனக்கும் ஒருமுறை நடந்தது, கம்பெனிப் பெயர் வேண்டாம். கவுண்டரில் விளக்கு எரிகிறது, ஆள் இல்லை, பெட்டி எடை போடும் பட்டையில் யாரோ பாதி குடித்த காபி. நான் கார்டில் கட்டியிருந்தேன், பேங்கில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தைப் பேங்க் திரும்ப வாங்கித் தருவது) கேட்டேன், பணம் வந்தது. மச்சான் இ.எஃப்.டி.யில் கட்டியிருந்தார். அவருக்குக் கலைப்பாளர் கடிதம் மட்டும் வந்தது.

சார்ஜ்பேக்குக்குப் பொதுவாக 120 நாள் கெடு, அதனால் பயண உறுதிச்சீட்டு, கார்டு ஸ்டேட்மென்ட், ரத்து அறிவிப்பு மூன்றையும் உடனே பேங்கில் கொடுத்துவிடுங்கள். பயணக் காப்பீடு எடுத்தால் கம்பெனி திவாலானாலும் பணம் தருவார்களா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள், பலவற்றில் இருக்காது.

அப்புறம், முகூர்த்தம் காலையில் என்றால் முதல் நாள் காலை விமானத்திலேயே போங்கள். அது ரத்தானாலும் என்-2 சாலையில் சுமார் 900 கிலோமீட்டர், உடனே கார் எடுத்தால் இரவுக்குள் சேர்ந்துவிடலாம்.