மெய்நிகர் உபுண்டுவுக்காக கிராபிக்ஸ் கார்ட் மாற்ற வேண்டுமா?

கேள்வி: திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். வீட்டுக் கணினியில் விண்டோஸ் 11, ஜிடிஎக்ஸ் 1650 கார்ட். கணினிக்குள் மெய்நிகர் கணினியை ஓட்டும் வேர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு 24.04 (லினக்ஸ்) போட்டு என்விடியா டிரைவரையும் நிறுவினேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைக் கொடுத்தால் டிரைவருடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. பைடோர்ச் என்ற இயந்திரக் கற்றல் நூலகத்துக்கு, என்விடியா கார்டில் கணக்கீடு செய்யவைக்கும் 'கூடா' (CUDA) வேண்டும். "கார்ட் பழசு, ஆர்டிஎக்ஸ் 3060 போட்டால் சரிவரும்" என்கிறார் கடைக்காரர். பாவித்தது ஒன்று இருக்கிறதாம். வாங்கலாமா? - வாசகர், உப்புவெளி

பதில்: இந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள். 3060 போட்டாலும் இதே பிழைதான் வரும்.

உபுண்டுவுக்குள், இணைந்துள்ள வன்பொருளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடித்துப் பாருங்கள். விஜிஏ என்ற வரியில் என்விடியா என்ற பெயரே இருக்காது. விஎம்வேர் எஸ்விஜிஏ என்றோ வேர்ச்சுவல்பாக்ஸ் என்றோ இருக்கும். வேர்ச்சுவல்பாக்ஸ் உள்ளே காட்டுவது மென்பொருளால் ஆன ஒரு போலிக் கார்டை. டிரைவர் தேடும் பொருள் அங்கே இல்லை. '3டி முடுக்கம்' என்பதைத் தெரிவுசெய்து கெஸ்ட் அடிஷன்ஸ் (வேர்ச்சுவல்பாக்ஸின் துணை டிரைவர்கள்) போட்டால் திரை சீராக ஓடும், 'கூடா' வராது. உண்மைக் கார்டையே உள்ளே கொடுக்கும் வழி, லினக்ஸின் மெய்நிகர் கணினி வசதியான கேவிஎம்மில் உண்டு. அதற்கு விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் நேரடியாக லினக்ஸ் ஓட வேண்டும், கார்டை உள்ளே ஒப்படைக்கும் விடி-டி என்ற வன்பொருள் வசதி வேண்டும், திரைக்கு இன்னொரு கிராபிக்ஸ் வேண்டும். படிப்புக்கு அவ்வளவு பாடு தேவையில்லை.

உங்களுக்கு ஏற்றது டபிள்யூஎஸ்எல் 2, அதாவது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் மைக்ரோசொஃப்டின் வசதி. முதலில் விண்டோஸில் புதிய என்விடியா டிரைவரைப் போடுங்கள். பிறகு நிர்வாகி உரிமையுடன் பவர்ஷெல்லைத் திறந்து 'டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்' கொடுத்து, கணினியை மீளத் தொடக்குங்கள். உபுண்டு தானாக வந்துவிடும். பலர் தவறுவது இதற்குப் பிறகுதான்: உள்ளே லினக்ஸ் டிரைவரை நிறுவவே கூடாது. விண்டோஸ் டிரைவரே உள்ளே வேலை செய்கிறது. நீங்கள் போடும் லினக்ஸ் டிரைவர் அதைக் கெடுத்துவிடும். 'கூடா' என்ற முழுப் பொதி டிரைவரையும் சேர்த்தே இழுத்துவரும், ஆகவே தேவைப்பட்டால் 'கூடா-டூல்கிட்' மட்டும். பைடோர்ச்சை பிப் (பைத்தனின் பொதி நிறுவி) மூலம் போட்டால் அதுவும் வேண்டாம். தரவுக் கோப்புகளை சி டிரைவில் விடாமல் உபுண்டுவின் ஹோம் கோப்புறையில் வையுங்கள், இல்லாவிட்டால் வாசிப்பு மிக மெதுவாகும். இதன்பின் வேர்ச்சுவல்பாக்ஸ் மந்தமாகலாம். இரண்டும் விண்டோஸின் ஹைப்பர்-வி என்ற மெய்நிகராக்க அடுக்கின் மேல் ஓடவேண்டி வருவதே காரணம்.

உபுண்டுவைத் தனிப் பிரிவில் நேரடியாக நிறுவினால் கதை வேறு: அங்கே 'உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்' வேண்டும். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்தில் தடுக்கும் வசதி) இயங்கினால் கடவுச்சொல் ஒன்று கேட்கும். மீளத் தொடங்கும்போது வரும் நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தெரிவுசெய்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். அந்தத் திரையைத் தவறவிட்டால் டிரைவர் ஏறாது.

1650இன் 4 ஜிபி நினைவகம் பின்னர் போதாமல் போனால் அப்போது 3060 பாருங்கள். அதில் 8 ஜிபி வகையும் உண்டு. உங்களுக்கு வேண்டியது 12 ஜிபி வகை. அது 170 வாட் இழுக்கும், 550 வாட் பவர் சப்ளை வேண்டும். பாவித்த கார்ட் என்றால் எச்டிஎம்ஐ வாயிலில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள், நமது கடற்காற்று உலோகத்தை விட்டுவைப்பதில்லை. கடையிலேயே 20 நிமிடம் முழுச் சுமையில் ஓடவிடச் சொல்லுங்கள். பில்லில் கார்டின் தொடர் இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதப்படட்டும். உத்தரவாதத்தைக் கடை மறுத்தால், வாங்கி மூன்று மாதங்களுக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். விவரம் கேட்க 1977.