விசிட்டில் போகலாமா? வெளிநாட்டுப் பயிற்சி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: தம்பி அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பழக்குகிறார். மாலைதீவு ஹோட்டலொன்றில் மூன்று மாத உயிர்காப்பாளர் பயிற்சி இருக்கிறதாம். “விசிட் விசாவில் போகட்டும், அங்கே மாற்றலாம்” என்கிறார் ஏஜென்சிக்காரர். அனுப்பலாமா?
பொத்துவில் வாசகி

பதில்: விசிட்டில் அனுப்பவே வேண்டாம். அங்கே இறங்கியதும் கிடைப்பது 30 நாள் சுற்றுலா விசா. பயிற்சி என்று சொன்னாலும், சம்பளம் தராவிட்டாலும், சீருடை போட்டு நீச்சல் குளக்கரையில் நின்றால் அது வேலைதான். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது தம்பிதான், ஏஜென்சிக்காரர் அல்ல. வேலை அனுமதியை ஹோட்டல் முன்கூட்டியே எடுத்து அனுப்ப வேண்டும். அந்த அனுமதியிலும் நியமனக் கடிதத்திலும் ஒரே நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் வழங்கும் கம்பெனியொன்றின் பெயர் இருந்தால், சமையலறைக்கு மாற்றினாலும் தம்பியால் கேட்க முடியாது.

பிறகு 1989 இலக்கத்துக்கு அழைத்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஏஜென்சிக்கு லைசன்ஸ் செல்லுபடியாகுமா? இந்த ஹோட்டலுக்கு ஆள் அனுப்ப அங்கீகாரம் பெற்றிருக்கிறார்களா? முதலாவது மட்டும் இருப்பவர்களிடம்தான் பலர் ஏமாறுகிறார்கள். பணியகப் பதிவையும் புறப்படும் முன்பே முடித்துவிட வேண்டும்.

இன்னொன்று. அலையில் கெட்டிக்காரர் குளத்துத் தேர்வில் தவறுவது சாதாரணம். பிரித்தானியாவின் குள உயிர்காப்பாளர் தேர்வை அளவுகோலாக வையுங்கள்: 50 மீற்றரை 60 செக்கனுக்குள், 100 மீற்றரை மார்பிலும் முதுகிலுமாக நிற்காமல், 30 செக்கன் நின்ற இடத்தில் மிதத்தல், குளத்தின் ஆழமான அடிவரை முக்குளித்தல். கடலில் பழகியவர் அலையைப் பார்க்கத் தலையைத் தூக்கி நீந்துவார். அதில் இடுப்பு தாழ்ந்து நேரம் போகும். உப்புத் தண்ணீர் தரும் மிதப்பும் குளத்தில் இல்லை. சில வாரமாவது நீச்சல் குளத்தில், முகம் தண்ணீருக்குள் இருக்கப் பழகட்டும். முதலுதவியில் 30 அழுத்தம், 2 மூச்சு என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். நீரில் மூழ்கி மூச்சு நின்றவருக்கு முதலில் 5 மூச்சுக் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். பிரித்தானியக் குள உயிர்காப்பாளர் சான்றிதழ் 2 வருடத்தில் காலாவதியாகும். பயிற்சி முடியும் நாள் வரைக்கும் செல்லுமா என்று பாருங்கள்.

கேள்வி: வீடியோ எடிட்டிங்கில் என்விகியூ (தேசிய தொழில் தகைமை) 4 முடித்திருக்கிறேன். வளைகுடாவில் விளையாட்டு ஒளிப்பதிவுக் குழுவில் பயிற்சி பெற ஆசை. என்ன அனுப்புவது?
ஆரையம்பதி வாசகி

பதில்: 60 முதல் 90 செக்கன் தொகுப்பு ஒன்று; அதில் எது உங்கள் கமரா, எது உங்கள் எடிட்டிங் என்று எழுத்தில் காட்டுங்கள். கூடவே வெட்டாத 3 நிமிட ஆட்டக் காட்சி ஒன்றும் அனுப்புங்கள். உங்கள் கைப்பழக்கம் அதில்தான் தெரியும். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஒரு மாலை ஆட்டத்தை எடுங்கள். கமரா மேற்குப் பக்கம், வெயில் உங்கள் முதுகில், உயரமான இடம். பந்து போகும் திசையில் இடம்விட்டுத் திருப்புங்கள். நடுவில் மறுபக்கம் போய் எடுத்தால் அணிகள் திசை மாறி ஓடுவதுபோலத் தோன்றும்.

இலங்கையிலும் எமிரேட்ஸிலும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், சவூதியில் 60. இங்கே பழகிய 1/50 செக்கன் ஷட்டர் வேகத்தோடு சவூதியில் விளக்கொளியில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். 1/60 அல்லது 1/120 வையுங்கள். எமிரேட்ஸில் ஒருவரை அனுமதியின்றிப் படம்பிடிப்பது குற்றம். பார்வையாளர் பக்கம் கமராவைத் திருப்பும் முன் குழுத் தலைவரிடம் கேளுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஐரோப்பாவின் ஈராஸ்மஸ் பிளஸ் தொழிற்பயிற்சிக்கு மகன் தனியாக விண்ணப்பிக்கலாமா?
கல்முனை வாசகர்

பதில்: முடியாது. தொழிற்கல்வி மாணவரை அனுப்பும் அந்தப் பயிற்சிகளுக்கு நிறுவனங்கள்தாம் விண்ணப்பிக்கும். “உங்கள் மகன் பெயரில் இடம் எடுத்துத் தருகிறேன்” என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டில் செய்த பயிற்சி என்விகியூ மதிப்பீட்டில் சேருமா?
களுவாஞ்சிகுடி மாணவர்

பதில்: போகும் முன்பே உங்கள் பயிற்சி நிலையம் எழுத்தில் ஒத்துக்கொண்டால் சேர வாய்ப்புண்டு. திறன் நியமத்தின் அலகுப் பட்டியலை வாங்கி, எந்த அலகை அங்கே செய்வீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நாட்குறிப்பில் அன்றன்று செய்த வேலை, மணித்தியாலம், மேற்பார்வையாளரின் கையொப்பம், பதவி, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். கடைசி நாளில் மொத்தமாக ஒப்பம் வாங்கலாம் என்று நினைத்தவர்களுக்கு, அன்றைக்கு அந்த மேற்பார்வையாளர் லீவில் போயிருப்பார். நாட்குறிப்பு அரபியில் இருந்தால், அங்கிருந்து கிளம்பும் முன்பே மொழிபெயர்ப்பும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.