மார்கழித் தும்மலும் துளசிக் கஷாயமும்

கேள்வி: எனக்கு வயது 52. ஆண்டுதோறும் ஐப்பசி மழை தொடங்கியது முதல் தை மாதம் முடியும் வரை, காலையில் படுக்கையை விட்டு எழும்போதே அடுக்கடுக்காகத் தும்மல் வருகிறது. மூக்கு நீராக ஒழுகுகிறது, கண்ணும் அரிக்கிறது. என் மாமியார் சொல்லித் தந்தபடி துளசி, சுக்கு, மிளகு, அதிமதுரம் சேர்த்துக் கஷாயம் வைத்து இரு வேளையும் குடிக்கிறேன். தொண்டைக்கு இதமாக இருக்கிறது, ஆனால் தும்மல் நிற்கவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒன்பது மாதப் பேத்திக்கும் சளி பிடித்திருக்கிறது. அவளுக்கு இதையே தேன் கலந்து ஒரு பாலாடை புகட்டலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பேத்திக்குப் புகட்ட வேண்டாம், அம்மா. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவுவதுகூடக் கூடாது. தேனில் சில வேளைகளில் இருக்கும் ஒரு வகை நுண்ணுயிரின் வித்துகள் பச்சிளங்குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, குழந்தையின் தசைகளைத் தளரச் செய்துவிடும். கஷாயத்தின் சூட்டில் அந்த வித்துகள் சாவதில்லை. மூக்கடைப்புக்குக் குழந்தை மருத்துவர் தரும் உப்புநீர்ச் சொட்டு மருந்தே போதும்.

உங்கள் கஷாயத்திலிருந்தும் அதிமதுரத்தை இன்றே எடுத்துவிடுங்கள். அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் என்னும் பொருள், நாள்தோறும் உள்ளே போகும்போது உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, எந்த இரத்த அழுத்தத்தைக் குறைக்க நீங்கள் மாத்திரை சாப்பிடுகிறீர்களோ அதையே ஏற்றிவிடும். இனிப்பு வேண்டுமானால் சிறிது பனங்கற்கண்டு சேர்க்கலாம். நீரிழிவு இருந்தால் அதுவும் வேண்டாம்.

மற்றபடி உங்கள் மாமியாரின் கைப்பக்குவம் நல்லதுதான். 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பார்கள். ஆகவே சுக்கின் மேல்தோலைச் சீவிவிட்டுத் தட்டி, நான்கு மிளகுடன் இரண்டு தம்ளர் நீரில் போட்டு, ஒரு தம்ளராகச் சுண்டக் காய்ச்சுங்கள். துளசியையும், கிடைத்தால் இரண்டு கற்பூரவல்லி இலைகளையும் அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடி வையுங்கள். அவற்றின் மணமுள்ள எண்ணெய் கொதியில் ஆவியாகிப் போய்விடும்.

ஆனால் இது தும்மலை நிறுத்தாததில் வியப்பில்லை. சித்த மருத்துவம் படித்த எனக்குக் கஷாயத்தைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. என்றாலும் அதனால் முடியாததை முடியும் என்று சொல்வது உங்களுக்குத்தான் கெடுதல். சாதாரணச் சளி கிருமியால் வருவது, சில நாட்களில் போய்விடும். உங்களுடையதோ ஒவ்வாமை: தீங்கற்ற ஒரு தூசியை உடல் பகையென்று எண்ணி ஹிஸ்டமினைச் சுரப்பதால் வரும் அரிப்பும் ஒழுக்கும். சூடான நீர் தொண்டையை ஆற்றும், சளியை இளக்கும். அந்தச் சுரப்பை அது தடுப்பதாகக் கொள்ள முடியாது.

எழும்போதே தும்மல் வருவதால் எனக்கு முதலில் சந்தேகம் உங்கள் தலையணையின் மேல்தான். மழைக்கால ஈரத்தில் பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் பெருகுகின்றன. அவற்றின் எச்சம்தான் மூக்கை உறுத்துகிறது. உறைகளையும் போர்வையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரிச் சூட்டு நீரில் துவைத்து, வெயில் கண்ட நாளிலெல்லாம் மெத்தையைக் காயவையுங்கள். சுவரில் பூஞ்சை படர்ந்திருந்தால் துடைத்தெடுங்கள். படுக்கையறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். பேத்தியின் மூச்சுக்கும் அவை ஆகாது. கொதிக்க வைத்து ஆறிய ஒரு தம்ளர் நீரில் கால் தேக்கரண்டி உப்புக் கலந்து மூக்கைக் கழுவுவது நல்ல பலன் தரும். குழாய் நீரை அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் தரும் மூக்குத் தெளிப்பு மருந்து நாள்தோறும் பயன்படுத்தினால்தான் வேலை செய்யும், முழுப் பயன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். மூச்சு இரைப்போ நெஞ்சில் விசில் போன்ற ஒலியோ இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

கேள்வி: பார்த்தீனியம் செடியால் எனக்குத் தோலிலும் மூக்கிலும் ஒவ்வாமை உண்டு. நண்பர்கள் சீமைச் சாமந்தித் தேநீர் குடிக்கச் சொல்கிறார்கள். குடிக்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். பார்த்தீனியமும் சீமைச் சாமந்தியும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு ஒவ்வாத உடல் மற்றொன்றையும் பகையாகக் கொள்ள வாய்ப்புண்டு. அரிதாக உதடும் தொண்டையும் வீங்கும் அளவுக்குப் போனதும் உண்டு. மாலையில் சூடாக ஏதேனும் வேண்டுமென்றால் இஞ்சியைத் தட்டிப் போட்ட வெந்நீர் குடியுங்கள். ஆடாதோடை இலையை யாரேனும் சொன்னால், அது கட்டிய சளியை இளக்கப் பயன்படுவதே தவிர ஒவ்வாமைத் தும்மலுக்கு உரியதன்று. கர்ப்பிணிகள் அதை உட்கொள்ளவே கூடாது.