கூட்டலில் பிழை வருகிறது. கிருமி மூளைக்குப் போய்விட்டதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 51. எச்.ஐ.வி. தொற்றுக்காக 14 ஆண்டுகளாகக் கூட்டு மருந்து சாப்பிடுகிறார். ரத்தத்தில் கிருமி தென்படவில்லை என்கிறார்கள். மளிகைக் கடையில் கணக்கு எழுதுபவர். ஓராண்டாகக் கூட்டலில் பிழை வருகிறது. பேசிக்கொண்டே இருக்கையில் விட்ட இடம் மறந்துபோகிறது. கிருமி மூளைக்குப் போய்விட்டதா? மாத்திரை பலன் தரவில்லையா?

பதில்: சகோதரி, உங்கள் பயம் புரிகிறது. எச்.ஐ.வி. மூளைக்குள் நுழைவது தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே நடந்துவிடுகிறது. இப்போது புதிதாகப் போனதல்ல. ரத்த வெள்ளை அணுக்களுக்குள் ஒளிந்து சென்று, மூளையின் காவல் அணுக்களில் குடியேறுகிறது. நரம்பணுக்களை நேரடியாகத் தாக்குவதில்லை. ஆனால் அந்தக் காவல் அணுக்கள் ஓயாமல் சுரக்கும் அழற்சிப் பொருட்களால் பக்கத்து நரம்பணுக்கள் நலிகின்றன. மருந்து கிருமி பெருகுவதைத் தடுத்துவிடுகிறது. அழற்சி மட்டும் சிலருக்குக் கொஞ்சம் புகைந்துகொண்டே இருக்கும். சிகிச்சைக்கு முன்பு சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை மிகவும் இறங்கியிருந்தவர்களுக்கு இது அதிகம்.

மாத்திரை பலன் தந்திருக்கிறது. நம் அரசு 2004-ல் கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கும் முன், நாற்பது வயதுகூட ஆகாதவர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கால் மணி நேரம் திணறியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடுமையான மறதிநோய் இன்று அரிதாகிவிட்டது. மிஞ்சியிருப்பது பெரும்பாலும் லேசான வகை: கவனம் சிதறும், யோசனையும் கைவேலையும் மந்தமாகும். அல்சைமர் நோயைப் போல எல்லோருக்கும் முற்றிக்கொண்டே போவதில்லை.

ஆனால், எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டுவிடுவதுதான் எனக்குக் கவலை. மனச்சோர்வு, தூக்கமின்மை, மது, தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிபிலிஸ் எல்லாமே இதே தொந்தரவைத் தரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம். பழைய மாத்திரைகளில் இருந்த எஃபாவிரென்ஸ் தலைச்சுற்றலும் கெட்ட கனவும் தரும். இப்போதைய டோலுடெக்ராவிரும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். ஆகவே என்ன மாத்திரை என்று பாருங்கள். நீங்களாக ஒரு வேளையைக்கூட நிறுத்தாதீர்கள்.

கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓர் எளிய பரிசோதனை உண்டு: நாய், தொப்பி, பீன்ஸ், சிவப்பு என நான்கு சொற்களைச் சொல்லிவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஐந்து நொடி வேகமாகத் தட்டச் சொல்வார்கள். பிறகு கையை முஷ்டியாக, தட்டையாக, பக்கவாட்டில் என மாற்றி மாற்றி வைக்கச் சொல்வார்கள். கடைசியில் அந்த நான்கு சொற்களையும் கேட்பார்கள். மொத்தம் 12 மதிப்பெண். பத்தோ அதற்குக் கீழோ என்றால் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். ரத்தத்தில் கிருமி தென்படாமல், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த தண்டுவட நீரில் மட்டும் தென்படுவதும் அபூர்வமாக உண்டு. தேவைப்பட்டால் நரம்பியல் மருத்துவர் அதையும் சோதிப்பார். காய்ச்சல், கடும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் கைகால் பலவீனம் வந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அது வேறு தொற்றாக இருக்கலாம்.

வேலை போய்விடுமோ என்ற பயமே அவரை இன்னும் தடுமாற வைக்கும். எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு காட்டுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். ஆலோசனைக்கு 1097 என்ற இலவச எண் உண்டு.

அடுத்த முறை நீங்களும் உடன் செல்லுங்கள். முடிந்தால் அவர் கைப்பட எழுதிய பழைய கணக்கு நோட்டு ஒன்றையும் புதிய நோட்டு ஒன்றையும் எடுத்துப் போங்கள். பிழைகள் எந்த மாதத்தில் தொடங்கின, அப்போது மாத்திரை மாறியதா, வீட்டில் ஏதேனும் துக்கம் நேர்ந்ததா என்று மருத்துவர் கேட்பார்.