இத்தாலியின் மொன்சா போன்ற வேகமான பந்தயத் தடத்தில் முன்னால் போகிறவரை ஒட்டியே போய், இடிக்காமல் முந்துவது எப்படி?

கேள்வி கேட்டவர் 1967 ஃபார்முலா ஒன் கார்களைக் கணினி விளையாட்டில் ஆன்லைனில் ஓட்டுகிறார். தனியே ஓடினால் நேரம் நன்றாக வருகிறதாம். மொன்சாவில் ஒருவர் பின்னால் போனால் மட்டும், ஒன்றில் முடிவுக் கோட்டுக்கு முந்திய கடைசி வளைவான பரபோலிகாவில் இடித்துவிடுகிறார், அல்லது எவ்வளவு ஒட்டிப் போனாலும் முந்த முடிவதில்லை.

நான் வெள்ளவத்தையிலிருந்து கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ் பத்து வருஷத்துக்கு மேலாக ஓட்டுகிறேன். 1998இல் வந்த கணினி விளையாட்டு. இன்றைக்கும் எனக்கு மொன்சாவில் ஆறேழு கார் ஒன்றாக ஓடுவதைப் போல் வேறொன்றும் இனிப்பதில்லை. என் பதில் இதுதான்: நீங்கள் தேவைக்கு மேல் ஒட்டிப் போகிறீர்கள். அதுவும் ஒட்டக் கூடாத இடத்தில்.

ஆடி மாதக் காற்றில் மரீன் டிரைவில் தெஹிவளைப் பக்கம் சைக்கிள் மிதித்திருந்தால் இது உடனே விளங்கும். ஒரு வான் மெதுவாக முந்திப் போகும்போது அதன் பின்னால் புகுந்தால் முகத்தில் அடித்த காற்று சட்டென்று நின்றுவிடும், பெடல் இலேசாகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான வலு எட்டு மடங்காகும். அந்தக் கார்களில் ஒன்றான லோட்டஸ் 49இன் 400 குதிரைவலுவில் பெரும்பங்கு நேர்தடத்தின் கடைசியில் காற்றைப் பிளக்கத்தான் போகிறது. பின்னால் வருகிறவருக்கு அந்த வேலையில் ஒரு பகுதியை முன்னால் போகிறவர் செய்து கொடுக்கிறார். 1967இல் இந்தக் கார்களுக்குக் காற்றால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் கிடையாது, அவை அடுத்த வருஷம்தான் வந்தன. அதனால் குழம்பிய காற்றுக்குள் புகுந்தாலும் வளைவில் பிடிமானம் போய்விடுவதில்லை. பழைய கார்களில் நெருக்கமாக ஓட முடிவது இதனால்தான்.

சரி, முந்துவதற்கு வருவோம். பரபோலிகாவுக்குள் ஒருவரின் கியர்பொக்ஸுக்கு மூக்கை முட்டிக்கொண்டு நுழைந்தால், அவர் எப்போது அக்ஸிலரேட்டரை மிதிக்கிறாரோ அப்போதுதான் நீங்களும் மிதிக்கலாம். வெளியே வரும்போது இரண்டு பேருக்கும் ஒரே வேகம். பிறகு நேர்தடம் முழுக்க இழுபட்டுப் போனாலும் அவரைத் தாண்டும் அளவுக்கு வேகம் மிஞ்சாது. வளைவுக்கு முன்பே இரண்டு மூன்று கார் நீளம் விட்டுப் பாருங்கள். அவர் வளைவின் நடுவில் இருக்கும்போது நீங்கள் காரை நேராக்கி முழுதாக மிதித்துவிடலாம். அந்த இடைவெளியை நேர்தடத்தில் காற்று மறைவு தானே மூடிவிடும். அவரை எட்டும்போது உங்கள் வேகம் கூடியிருக்கும், அந்த நேரத்தில் ஒரே அசைவாக வெளியே வாருங்கள். அதே தடத்தில் லெஸ்மோ இரண்டாவது வளைவிலிருந்து வியலோனே வளைவுக்குப் போகும்போதும் இதே கதைதான்.

டொப் கியரை ஒரு படி நீளமாக வையுங்கள். தனியே ஓடும்போது சரியாக இருக்கும் கியர், இன்னொருவர் பின்னால் போகும்போது ரெவ் எல்லையில் முட்டி நின்றுவிடும்.

இனி இடிப்பது பற்றி. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். ஐரோப்பாக்காரரின் இரவு எட்டு மணிப் போட்டி மாரிகாலத்தில் கொழும்பில் சாமம் பன்னிரண்டரைக்குத் தொடங்கும். வீடு முழுக்க நித்திரை, ஹெட்போனில் என்ஜின் சத்தம் மட்டும். அன்று எனக்குப் பிங், அதாவது தகவல் இணையத்தில் போய்வர எடுக்கும் நேரம், 200 மில்லிநொடிக்கு மேல். மூன்றாம் சுற்றில் முன்னால் போனவர் பிரேக் பிடித்ததைப் பார்த்துப் பிடிக்கலாம் என்றிருந்தேன். இந்தக் கார்களில் பிரேக் விளக்கு இல்லை. திரையில் அவர் கார் பெரிதாவதைக் கண்ட பிறகுதான் கால் போனது. அவர் சுழன்று போக, பின்னால் வந்த இரண்டு பேரும் அவரில் மோதினார்கள். வேலை முடிந்து களைத்து வந்து, வாரத்தில் ஒரு நாள் ஓட்டுகிற மனிதர்கள். அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். 280 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 78 மீட்டர். 0.2 நொடியில் 15 மீட்டருக்கு மேல். திரையில் தெரியும் கார், அவர் அனுப்பிய பழைய தகவலை வைத்து உங்கள் கணினி ஊகித்து வரைவது. நேர்தடத்தில் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவர் பிரேக்கில் கால் வைத்த கணத்தில்தான் பிழைக்கத் தொடங்கும். ஆகவே அவரைப் பார்த்துப் பிரேக் பிடிக்காதீர்கள். தடத்தோரத்தில் உங்களுக்கென்று ஓர் அடையாளம் வைத்திருங்கள், அதையும் தனியே ஓடும்போது வைப்பதைவிட முன்னதாக வையுங்கள். மறைவில் வந்ததால் உங்கள் வேகமும் அதிகம், உங்களைத் தடுத்து உதவும் காற்றும் குறைவு. அத்தோடு, பிரேக்குக்கு முன் அரைக் கார் அகலம் பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். கணக்குப் பிழைத்தாலும் பக்கத்தில் போவீர்கள், முதுகில் ஏறமாட்டீர்கள்.

முன்னால் இருப்பவராக இருந்தால் நேர்கோட்டில் போங்கள். மறைவை உடைக்க இப்படியும் அப்படியும் வளைந்து ஓடுகிறவரோடு ஓட எனக்கு விருப்பமே இல்லை. இரண்டு பேர் முறைவைத்து முன்னால் போய் இழுத்தால் பின்னால் வரும் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடலாம். பக்கத்துப் பக்கம் மல்லுக்கட்டினால் இரண்டு பேரும் காற்றில் அடிபட, பின்னால் வருகிறவர்கள் பிடித்துவிடுவார்கள்.

கடைசிச் சுற்று தனிக் கணக்கு. 1967இல் மொன்சாவில் நடந்த நிஜப் போட்டியில், முன்னால் போன கிளார்க்கின் லோட்டஸ் எரிபொருள் கிடைக்காமல் தடுமாறிய பிறகு, வெற்றி சர்ட்டீஸுக்கும் பிரபாமுக்கும் இடையில் வந்தது. பரபோலிகாவில் பிரபாம் உட்பக்கமாக முந்தினார்; ஆனால் எண்ணெய்க்கு மேல் சிமெந்து தூவிய இடத்தில் சறுக்கி அகன்று போனார். சர்ட்டீஸ் ஹோண்டாவை உள்ளே விட்டு 0.2 நொடியில் வென்றார். 1971இல் அங்கேயே பீட்டர் கெதின் வென்றது 0.01 நொடியில். முதல் ஐந்து பேரும் 0.61 நொடிக்குள். அடுத்த வருஷமே தடத்தில் சிக்கேன்கள், அதாவது வேகத்தைக் குறைக்கும் நெளிவுகள், போட்டார்கள், அந்த மாதிரி ஓட்டம் அங்கே முடிந்தது.

ஆகவே பயிற்சியில் ஒரு நண்பரை அழைத்து இதை மட்டும் அளந்து பாருங்கள்: பரபோலிகாவிலிருந்து ஒரு கார் நீளம் பின்னால் வெளியே வந்தால், அவரை எந்த இடத்தில் தாண்டுகிறீர்கள்? முடிவுக் கோட்டுக்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் கடைசி வளைவில் இரண்டாவதாக இருக்கலாம். பின்பு என்றால் வியலோனேக்கு முன்னரே தாண்டியிருக்க வேண்டும். இருபது நிமிஷம் மாறி மாறி ஓடினால் போதும். அப்புறம், வைஃபையை விட்டுவிட்டு லான் கேபிள் மாட்டிக்கொள்ளுங்கள்.