காதலர்கள் என்று நினைத்தார்களாம்

கேள்வி: எங்கள் கல்லூரி விழாவில் ஒரு மாணவியின் கையைப் பிடித்து ஒருவன் விடாமல் தொந்தரவு செய்தபோது, சுற்றி நின்ற மாணவர்களில் ஒருவரும் தடுக்கவில்லை. ‘அவர்கள் காதலர்கள் என்று நினைத்தோம்’ என்று பிறகு சொன்னார்கள். பார்க்கும் படங்களும் இணையக் காட்சிகளும்தான் இதற்குக் காரணமா?
— கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: அவர்கள் சொன்ன அந்தச் சமாதானத்திலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. நேரில் காண்பவர் ஒருவர் உதவிக்கு வருவதற்குள், நடப்பதைக் கவனிப்பது, அது ஆபத்து என உணர்வது, தன் பொறுப்பென ஏற்பது, வழியைத் தீர்மானிப்பது, செயலில் இறங்குவது என ஐந்து படிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது என்று உளவியலாளர்கள் பிப் லட்டானேயும் ஜான் டார்லியும் 1970-இல் விளக்கினார்கள். திரை குறுக்கிடுவது பெரும்பாலும் இரண்டாம் படியில்தான் என்பது என் எண்ணம். மறுக்கும் பெண்ணை விடாமல் துரத்தி, முடிவில் அவள் மனத்தை வென்றுவிடும் நாயகர்களையே பார்த்து வளர்ந்தவருக்கு, அவள் கையை உதறுவது ஊடலாகத் தெரிகிறதே தவிர அச்சமாகத் தெரிவதில்லை.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழக மாணவ மாணவியர் 271 பேரிடம் நீல் மலமுத், ஜேம்ஸ் செக் இருவரும் நடத்தி 1981-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. பெண் மீதான வன்முறை நல்லபடியாக முடிவதாகக் காட்டும் படங்களைப் பார்த்த ஆண்களிடம், சில நாட்கள் கழித்துக் கேட்டபோதும், அத்தகைய வன்முறையை ஏற்கும் மனப்போக்கு கூடியிருந்தது. பெண்களிடம் அவ்வாறு கூடவில்லை. ஆனால் எல்லாக் காட்சிகளும் ஒன்றல்ல. பாலியல் குற்றத்தைக் குற்றமாகவே காட்டும் தொடர்களைப் பார்க்கும் மாணவர்களிடம் ‘அவள்தான் இடம் கொடுத்தாள்’ என்பது போன்ற நம்பிக்கைகள் குறைவு என்று கண்ட ஆய்வும் உண்டு.

எனினும் படங்களின் மீது மட்டும் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்து, அவர் அமைதியாக இருப்பதால் ஒன்றுமில்லை போலும் என்று முடிவு செய்கிறார்கள். உள்ளுக்குள் பலருக்கும் உறுத்தியிருக்கும். ஒருவர் வாய் திறந்தால் அந்த மௌனம் கலையும். அதற்காக அவனோடு மோத வேண்டியதில்லை. ‘உங்களைத் தோழிகள் தேடுகிறார்கள்’ என்று அவளிடம் சொல்லி அழைத்து வரலாம். பேராசிரியரையோ காவலரையோ உடனே கூப்பிடலாம். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அந்த மாணவியிடம் தனியாக நலம் கேளுங்கள். புகார் கொடுப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும், கொடுத்தால் கண்ணால் கண்டதைச் சொல்ல நீங்கள் தயார் என்பதையும் அவருக்குத் தெரிவியுங்கள்.