அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டதா?

கேள்வி: எனக்கு 74 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியர். மூன்று வருடங்களாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் கரண்ட் பில் கட்ட மறந்துபோய், ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். "உங்களுக்கு மறதி வந்துவிட்டது அப்பா. வரவு செலவை என்னிடம் விடுங்கள், எழுதியதும் போதும்" என்கிறான் மகன். அன்றிலிருந்து அவனோடு பேசுவதில்லை. கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸையும் பெற்ற பிள்ளையே கோர்ட்டுக்கு இழுத்ததாகப் படித்தேன். அவர் எப்படி ஜெயித்தார்? (பெயர் வேண்டாம்)

பதில்: ஐயா, அந்தக் கதையை ரோமானியரான சிசரோ, முதுமையைப் பற்றி கி.மு. 44இல் எழுதிய நூலில் சொல்கிறார். எழுத்திலேயே மூழ்கிக் கிடக்கிறார், குடும்பச் சொத்தைக் கவனிப்பதில்லை, புத்தி தடுமாறிவிட்டது என்று பிள்ளைகள் வழக்குப் போட்டார்களாம். கிழவர் வாதாடவில்லை. அப்போதுதான் எழுதியிருந்த 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தை வாசித்துக் காட்டி, "இது புத்தி தடுமாறியவன் எழுதியது போலவா இருக்கிறது?" என்று கேட்டார். வழக்கு தள்ளுபடி.

அவர் வாசித்தது கொலோனஸைப் புகழும் பாட்டு என்கிறார் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். நல்ல குதிரைகள் உள்ள மண், பச்சைப் பள்ளத்தில் பாடும் நைட்டிங்கேல், பனி குடித்து மலரும் நார்சிசஸ், யாரும் நடாமல் தானே தழைக்கும் ஒலிவ மரம் என்று போகும் அந்தப் பாட்டு. ஏதென்ஸுக்கு வெளியே இருந்த கொலோனஸ்தான் அவர் பிறந்த ஊர். தொண்ணூறை எட்டும் வயதில் ஒருவர் கோர்ட்டில் நின்று தன் சொந்த ஊரைப் பாடுகிறார் என்று நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

இது சோஃபக்ளீஸ் இறந்து மூன்று நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுதப்பட்ட கதை. அதனால் அப்படியே நடந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் கி.மு. 409இல், ஏறக்குறைய 87 வயதில், 'பிலாக்டீடீஸ்' நாடகத்துக்கு அவர் முதல் பரிசு வாங்கியது உண்மை. எனவே 74 வயதில் நாவல் எதற்கு என்று யார் கேட்டாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பாட்டு அவர் புத்தி தெளிவாக இருந்ததைக் காட்டியது. குடும்பக் கணக்கை ஒழுங்காகப் பார்த்தார் என்று காட்டவில்லை. இரண்டும் வேறு வேறு. உங்கள் மகன் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். கோபத்தில் நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள். பில் விஷயத்தில் அவர் சொல்வது சரி. நாவல் விஷயத்தில் தப்பு.

அப்புறம், அவர் வழக்கில் ஜெயிக்க உதவியதாகச் சொல்லப்படும் அதே நாடகத்தை முழுசாகப் படித்துப் பாருங்கள். கண்ணிழந்து ஊர் ஊராக அலையும் முன்னாள் அரசர் ஈடிபஸைத் தேடி, ஒரு காலத்தில் அவரைக் கைவிட்ட மகன் பாலினைசீஸ் வருகிறான். அவன் குரலைக் கேட்கவும் அவருக்கு மனமில்லை. அப்போது மகள் ஆன்டிகனி கெஞ்சுகிறாள்: நீங்கள் பெற்ற பிள்ளை அவன், எவ்வளவு கெட்டது செய்திருந்தாலும் பதிலுக்குக் கெட்டது செய்வது முறையல்ல, மற்றவர்களுக்கும் கெட்ட பிள்ளைகள் உண்டு, முன்கோபமும் உண்டு, வேண்டியவர்கள் எடுத்துச் சொன்னால் தணிகிறார்கள். ஈடிபஸ் வரச்சொல்கிறார், ஆனால் மனம் இளகவில்லை. சபித்தே அனுப்புகிறார். மகன் நேராகப் போருக்குப் போய்ச் சாகிறான். கிழவரின் கோபத்தை அவ்வளவு நியாயமாக எழுதிய அதே கை, மகளின் வார்த்தையையும் எழுதியிருக்கிறது. எனக்கு அந்த வார்த்தைதான் பெரிதாகப் படுகிறது.

வழக்குப் போட்டதாகச் சொல்லப்படும் மகன் அயோஃபனும் நாடகாசிரியர்தான். கி.மு. 405இல் அரிஸ்டோஃபனீஸ் எழுதிய 'தவளைகள்' நாடகத்தில், அப்பா போய்விட்டாரே, இனி அயோஃபன் தனியாக என்ன எழுதுகிறான் பார்ப்போம் என்று ஒரு பேச்சு வருகிறது. அப்பா பிள்ளைக்கு எழுத உதவினார் என்று ஊரே பேசியிருக்க வேண்டும்.

'கொலோனஸில் ஈடிபஸ்' மேடையேறியதைச் சோஃபக்ளீஸ் பார்க்கவில்லை. அவர் இறந்து சில வருடங்கள் கழித்து, கி.மு. 401இல், தாத்தாவின் பெயரையே கொண்ட பேரன் அதை அரங்கேற்றினார்.

ஐயா, இந்த வாரமே மகனைக் கூப்பிடுங்கள். கரண்ட் பில், வரி, பால் கணக்கு எல்லாவற்றையும் அவரிடம் கொடுங்கள். வீட்டுப் பத்திரமும் வங்கிக் கணக்கும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மறதி கூடிக்கொண்டே போகிறது என்று உங்களுக்கே தோன்றினால் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பிறகு மகனை உட்காரவைத்து, நாவலில் உங்களுக்கு மிகவும் பிடித்த அத்தியாயத்தை நீங்களே வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள்.